ஆளுக்கு எத்தனை கஜம்

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம்.
எம்.சி. ரோடில் கூட்டம் கொஞ்சம் வடிந்த மத்தியானம்
கடைக்குள் வந்தாள். பேர் இபினாபோ.
ஊர் நைஜீரியாவில், ஆறு கடலில் விழுகிற இடம்.
எங்க எண்ணூர் மாதிரி, என்றேன்.
தண்ணியில் எண்ணெய் மிதக்குமா?
மிதக்கும்.
அப்போ அதேதான், என்றாள்.

கைலிக்குப் போகாமல் தேங்கின சரக்கு,
சிவப்புக் கட்டம் நீலக் கட்டம் நாற்பது பீஸ்
இறக்கிப் போட்டேன்.
விலை கேட்கவில்லை.
முனையை எடுத்து மோந்து பார்த்தாள்.
பிறகு முதலாளி பார்க்கும்போதே
நாக்கால் தொட்டாள்.
இருபத்திரண்டு வருஷமா அளக்கிறேன்,
துணியை ருசி பார்த்து வாங்கினவரைக் கண்டதில்லை.

இதுக்கு எங்க பாஷையில் இஞ்சிரி என்று பேர்.
குழந்தை பிறந்தால் இதில் ஏந்துவோம்.
செத்தால் கட்டிலைச் சுற்றி இதைக் கட்டுவோம்.
பிளேடு இருக்கா?

ஒரு துண்டை மடியில் விரித்து
வெள்ளை நூலாகப் பார்த்து
அறுத்தாள், உருவினாள்.
அறுத்தாள், உருவினாள்.
துணி கிழியவில்லை.
வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
நூல் போன இடமெல்லாம் பூவாக நின்றது.
இல்லாததுதான் டிசைன், என்றாள்.

என் கழுத்தில் தொங்கின டேப்பைப் பார்த்து,
அந்தக் காலத்துல
ஒரு ஆளுக்கு எத்தனை கஜம்?

இது எனக்குத் தெரிந்த கேள்வி.
சட்டைக்கு ரெண்டரை மீட்டர்.
தொந்தி இருந்தால் ரெண்டேமுக்கால்.
ஆளைப் பார்த்தாலே சொல்லிடுவேன்.

போட்டுக்க இல்லை, என்றாள்.
வாங்க.

ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தக் கடலில் ஏறின துணி லண்டனில் இறங்கி
மறுபடி ஏறி அவள் ஆற்று முகத்துக்கு வரும்.
அங்கே துணி இறங்கும்; ஆள் ஏறும்.
அப்புறம் இன்னொரு கடல். கடல் தாண்டிக் கரும்பு.
ஆம்பளைக்கு இத்தனை, பொம்பளைக்கு இத்தனை
என்று நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறார்களாம்.
பாவம் உங்க ஜனங்க, என்றேன்.
தலையாட்டினாள், ஆமாம் என்று இல்லை.
போனவங்க பிள்ளைங்க அந்தப் பக்கம் இருக்காங்க,
பாதிப் பேருக்கு ஊர் தெரியாது, பழைய பேர் தெரியாது.
நான் விற்றவர் வீட்டுப் பெண்.
எங்க பெட்டியில் பழைய துணி நிறைய இருக்கு.
அழகான துணி.
அதுதான் கஷ்டம்.

எனக்கு எங்க ஆட்கள் ஞாபகம் வந்தது.
பேட்டைக்கே எங்க தொழிலைப் பேராக வைத்துவிட்டு
எங்களைத் தெருக்கோடியில் நிறுத்தின ஊர் இது.
கோராவை அலசி, மணலில் விரித்து,
வெயிலில் வெளுத்து, கஞ்சி போட்டு,
கும்பினிக் கிடங்கில் எண்ணிக் கொடுத்திருப்பார்கள்.
கறை இருந்தால் கூலியில் பிடித்திருப்பான்.
எதை வாங்கப் போகிறது இந்தத் துணி என்று
அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?
வெளுத்ததெல்லாம் பால்.
கேட்டிருந்தாலும் வெளுத்துத்தான் இருப்பார்கள், சாயங்காலம் உலை கொதிக்கணுமே.
கரை வேறு கறை வேறு என்று வாத்தியார் அடித்துச் சொன்னார்.
எங்க வாயில் ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்.

நாற்பது பீஸும் எடுத்துக்கொண்டாள்.
பேரம் பேசவில்லை; முதலாளிக்கே என்னமோ போல ஆகி
நூறு ரூபாய் குறைத்தார்.
ஆட்டோவில் மூட்டை ஏற்றும்போது
கை கொடுத்தாள். சூடான கை.

காசிமேட்டிலிருந்து ஒருத்தர், யூனிஃபார்ம் எடுக்க வந்தவர்,
மகனை முன்னால் தள்ளி
இவனுக்கு எவ்ளோ ஆவும்ணா, என்றார்.
பையன் தானாகவே
ரெண்டு கையையும் விரித்து நின்றான்.

வாயில் வரவில்லை.

முதலாளி கல்லாவிலிருந்து கேட்கிறார்:
பிளேடு போட்ட துண்டு கிடக்குதே,
இதை யார் கணக்குல எழுத?
தரையில் உதிர்ந்த வெள்ளை நூலை
ஃபேன் காற்று
கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது.
பையன் இன்னும் கையை மடக்கவில்லை.